மினியேச்சர் பெயின்ட்டில் என்ன கலப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடி அறையில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடி மினியேச்சர், அதாவது விரலளவு வீரர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் ஐ.டி., ஒருவர் பல் டாக்டர், ஒரு கல்லூரிப் பெண். கொலு பொம்மைக்கு டச்சப் செய்யக் கற்றுக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்ட மல்லேஸ்வரம் மாமி ஒருவரும் உண்டு. புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்பது எந்தக் கலர் வாங்கலாம் என்று அல்ல, கலரில் எதைக் கலப்பது என்றுதான். சொன்னதையே சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, பாட்டில்ல வர்ற பெயின்ட்டை அப்படியே அடிச்சா என்ன?

28 மி.மீ. உருவத்தின் முகம் ஒரு துவரம்பருப்பு அளவுதான். அதற்குள் கண், மூக்கு, மீசை எல்லாம் செதுக்கியிருக்கும். கெட்டிப் பெயின்ட்டை அப்படியே இழுத்தால் அந்தப் பள்ளங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடிக்கொள்ளும், பிரஷ் போன தடமும் வரிவரியாக நிற்கும். அதனால்தான் ஒரு கெட்டிக் கோட்டுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று கோட் என்கிறோம்.

டிரை பிரஷ், அதாவது பிரஷில் பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தடவுவது, இது மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பெயின்ட் கெட்டியாகவே இருக்கட்டும், எதையும் கலக்க வேண்டாம்.

அக்ரிலிக்ல அப்படி என்னதான் இருக்கு? வாட்டர் கலர் மாதிரிதானே?

மூன்று சாமான். நிறம் தரும் நிறமித் தூள், அந்தத் தூளைப் பொம்மையோடு ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிசின், இரண்டையும் சுமந்து வரும் தண்ணீர். பிசினைத்தான் பைண்டர் என்பார்கள். நுரை அடக்க, பூஞ்சை பிடிக்காமலிருக்க என்று சில்லறைச் சாமானும் கொஞ்சம் இருக்கும். பைண்டர் தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. பாலில் கொழுப்பு மிதப்பது போல, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகிப் படலமாகிவிடும். காய்ந்த படலம் மறுபடி தண்ணீரில் கரையாது. பள்ளிக்கூட வாட்டர் கலர் கரையும்.

உருண்டைகள் ஒன்றாகக் கொஞ்சம் வெப்பமும் வேண்டும். சுமார் 9 டிகிரிக்குக் கீழே போனால் படலம் ஒழுங்காக உருவாகாது. பெங்களூரில் அந்தக் கவலை இல்லை. ஜனவரி இரவில் டெல்லி பால்கனியில் உட்கார்ந்து பெயின்ட் அடிக்கும் என் சித்தி மகனுக்குத்தான் அது.

தண்ணியே போதாதா? எதுக்குக் காசு போட்டு இன்னொரு பாட்டில்?

முக்கால்வாசி வேலைக்குப் போதும். சட்டை, கவசம், பூட்ஸ் என்று அடிக்கோட் போடும்போது ஒரு சொட்டு பெயின்ட்டுக்கு அரைச் சொட்டிலிருந்து ஒரு சொட்டு வரை தண்ணீர் விட்டாலே சரியாக ஓடும். நான் முதல் இரண்டு வருஷம் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அந்தப் பொம்மைகள் இன்னும் உதிராமல் அலமாரியில் நிற்கின்றன.

சிக்கல் அதற்கு மேல் நீர்க்க வைக்கும்போதுதான் வருகிறது. தண்ணீர் ஏற ஏற பைண்டர் உருண்டைகளுக்கு இடையே தூரம் கூடுகிறது. காய்ந்த பிறகு படலம் இடைவெளி விழுந்ததாக, பலமில்லாமல் நிற்கும். விரலால் தேய்த்தால் தூளாக வரும். நிறமியும் சமமாகப் பரவாமல் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு சொட்டுக்கு ஐந்தாறு சொட்டு விட்டுக் கண்ணாடி போன்ற மெல்லிய கிளேஸ் போட நினைக்கிறீர்கள் என்றால், அங்கேதான் மீடியம் பாட்டிலுக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

எந்தத் தண்ணி? எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணிதான் வருது.

இந்த ஊருக்கு இது உண்மையான கேள்வி. காவிரித் தண்ணீர் வரும் பழைய பேட்டைகளில் குழாய்த் தண்ணீரை எடுத்தாலே போதும். ஒயிட்ஃபீல்டு, பெள்ளந்தூர் பக்கம் போர் தண்ணீரையும் டேங்கரையும் நம்பியிருக்கும் கட்டடங்களில் கதை வேறு. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. உங்கள் குளியலறைக் குழாயில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கோட்டில் இந்த உப்பு தெரியவே தெரியாது. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை மேல் மெல்லிய கிளேஸோ, பள்ளத்தில் தேங்கவிடும் நீர்த்த வாஷோ போட்டால்தான் காய்ந்ததும் சுண்ணாம்புப் புகை போல வெளுப்பாகத் தெரியும். குடிக்கிற ஆர்.ஓ. கேன் தண்ணீரே இதற்குத் தாராளம். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறது. பேட்டரிக் கடையில் ஒரு லிட்டர் வாங்கினால் ஒரு வருஷத்துக்கு வரும். பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட்டைத் தவறுதலாகக் கேட்டுவிடாதீர்கள்.

மீடியம், தின்னர், ஃப்ளோ இம்ப்ரூவர், ரிடார்டர்... நாலும் ஒண்ணுதானே, பேர்தானே வேற?

இல்லை. நான்கும் நான்கு வேலை. இதில் குழம்பித்தான் பாதிப் பேர் தப்பான பாட்டில் வாங்குகிறார்கள்.

மீடியம் என்பது நிறமி இல்லாத பெயின்ட். உள்ளே இருப்பது அதே பைண்டர். நிறத்தை மட்டும் நீர்க்கச் செய்யும், ஒட்டும் பலத்தைக் குறைக்காது. மேட் (பளபளப்பில்லாத) மீடியம், கிளாஸ் (பளபளப்பான) மீடியம், கிளேஸ் மீடியம் எல்லாம் இந்த வகை. மினியேச்சர் பெயின்ட் பிராண்டான சிட்டாடெல் 2012-இல் தன் வண்ண வரிசையை மாற்றியபோது வந்த லாமியன் மீடியமும் இதே சாதிதான், கொஞ்சம் நீர்க்க இருக்கும். தின்னர் என்று எழுதியிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலது தண்ணீருக்கு நெருக்கம், சிலதில் பிசினும் இருக்கும். பெரும்பாலும் காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷை மனதில் வைத்துச் செய்தது.

ஃப்ளோ இம்ப்ரூவர் பெயின்ட்டை நீர்க்க வைப்பதற்கே இல்லை. அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை உடைக்கும் சோப்பு இனத்துச் சாமான். வாழை இலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும் அல்லவா? அதை இலை முழுக்கப் பரவ வைப்பது இதன் வேலை. ரிடார்டர் காய்வதைத் தள்ளிப்போடும். அவ்வளவே.

ஆகவே கடைக்குப் போகும் முன் என்ன கோளாறு என்று பாருங்கள். தூளாக உதிர்கிறதா, மீடியம். பிரஷிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறதா, ஃப்ளோ. கலப்பதற்குள் காய்கிறதா, ரிடார்டர். வெறுமனே கெட்டியாக இருக்கிறது என்றால் தண்ணீர். ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் பட்ஜெட் என்றால் மேட் மீடியத்தை வாங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஹார்டுவேர் கடையில தின்னர்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். ஆகாதா?

ஆகவே ஆகாது. அங்கே தின்னர் என்றால் பெரும்பாலும் மரச்சாமான் பாலிஷுக்குப் போடும் என்.சி. தின்னர். அது தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக்கோடு சேராது, திரித்துவிடும். அதைவிட மோசம், மினியேச்சர் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் பழைய பெயின்ட்டைக் கழுவலாம் என்று குதிரை வீரனை அதில் போட்டான். பத்து நிமிஷத்தில் குதிரைக்கும் வீரனுக்கும் எல்லை தெரியவில்லை. டர்பன்டைனும் வேண்டாம், அது எண்ணெய் வண்ணத்துக்கும் எனாமலுக்கும் உரியது.

பால் பதத்துக்குக் கலக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எந்தப் பால்?

நியாயமான கேள்வி, யாரும் பதில் சொல்வதில்லை. எங்கள் மேசையில் நந்தினி நீல பாக்கெட்டை அடிக்கோட்டுக்கு அளவாக வைத்திருக்கிறோம், காய்ச்சாமல். கிளேஸுக்கு அதில் பாதி தண்ணீர் ஊற்றின மாதிரி. கெட்டித் தயிரைக் கடைந்த பதம் என்றால் முதல் கேள்வியில் சொன்ன பள்ளம் மூடும் வேலை நடக்கும்.

சொட்டுக் கணக்கைவிடக் கண் நல்லது. ஒரே கம்பெனியின் வெள்ளையும் கறுப்பும்கூட ஒரே கெட்டியில் வருவதில்லை. கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நின்றால் சரி, நக ஓரத்துக்கு ஓடினால் தண்ணீர் அதிகம், வரி விழுந்தால் குறைவு. பிரஷைப் பெயின்ட்டில் தோய்த்தவுடன் பொம்மைக்குக் கொண்டுபோகாமல் டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றுங்கள். தண்ணீர் அதிகம் என்று என்னிடம் வரும் புகாரில் பாதி, ஒற்றாததால் வந்தது.

அக்கா, காஞ்சதும் ஓரத்துல மட்டும் வளையம் மாதிரி கறை நிக்குது. என்ன தப்பு பண்றேன்?

நான் அண்ணன், பரவாயில்லை. காபி டம்ளர் மேசையில் விடும் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதுவும் ஒன்று. துளியின் ஓரம் நகராமல் ஒட்டிக்கொள்கிறது. ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும்போது நிறமியையும் இழுத்துப் போகிறது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். காபி வளையம் எல்லாரும் தினம் பார்ப்பதுதான், விளக்கம் அவ்வளவு தாமதமாக வந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

தீர்வு மூன்று. பிரஷை ஒற்றிவிட்டுக் குறைவாகப் பூசுவது முதலாவது, குட்டை தேங்காவிட்டால் வளையமும் இல்லை. இரண்டாவது, தண்ணீரில் பாதியை மேட் மீடியமாக மாற்றுவது. மீடியம் கொழகொழப்பாக இருப்பதால் நிறமி அவ்வளவு சுலபமாக ஓரத்துக்கு ஓடாது. மூன்றாவது, துளி ஃப்ளோ இம்ப்ரூவர். வாஷ் போடும்போது இது நன்றாக வேலை செய்கிறது. நிறமி மேட்டில் தங்காமல் பள்ளத்துக்கு இறங்கும்.

சரி, ஃப்ளோ இம்ப்ரூவர் எத்தனை சொட்டு விடணும்?

முதலில் பாட்டில் லேபிளைப் படியுங்கள். மினியேச்சர் கம்பெனிகளின் பாட்டில் நேரடியாக விடும் பதத்தில் வரும். பத்து சொட்டு கலவைக்கு ஒன்றிரண்டு போதும். லிக்விடெக்ஸ் ஃப்ளோ எய்ட் போல ஓவியர்களுக்கானவை கான்சன்ட்ரேட். ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரைத்தான் பெயின்ட்டில் சேர்க்க வேண்டும். அதை நேரடியாக விட்டவர்கள் பெயின்ட் பொம்மையில் நிற்காமல் வழிகிறது என்று போன் செய்வார்கள்.

அதிகமானால் இன்னொரு கெடுதல் உண்டு. இதில் பைண்டர் கிடையாது, ஆவியாகியும் போகாது. படலத்துக்குள்ளேயே தங்கி, ஈரம் பட்டால் நெகிழும் இடமாகிவிடும். ஆகவே ஃப்ளோ இம்ப்ரூவரை மட்டும் வைத்துப் பெயின்ட்டை நீர்க்க வைக்காதீர்கள்.

விம் லிக்விட் ஒரு சொட்டு விட்டா அதே வேலைதானே?

கொள்கை சரி, இரண்டும் இழுவிசையைக் குறைப்பவைதான். ஆனால் பாத்திரச் சோப்பில் உப்பு, வாசனை, நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நுரை. குமிழி காய்ந்தால் முகத்தில் அம்மைத் தழும்பு. அவசரத்துக்குக் குச்சி நுனியில் தொட்டு ஒரு கிண்ணம் தண்ணீரில் கலக்கி அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தியிருக்கிறேன், கெட்டுப்போகவில்லை. வழக்கமாக வைத்துக்கொள்ள மாட்டேன்.

பாத்திரச் சோப்புக்கு வேறு நல்ல இடம் இருக்கிறது. புதுப் பொம்மையில், முக்கியமாக ரெசினில், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். பெயின்ட் முத்து முத்தாக விலகி நிற்கிறது என்றால் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து பிரைமர் போடுங்கள். ஃப்ளோ இம்ப்ரூவர் வாங்கும் செலவு பல சமயம் மிச்சம்.

மார்ச் வந்தாலே பிரஷ்லயே காஞ்சிடுது. ரிடார்டர் வாங்கணுமா?

வாங்குவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மார்ச், ஏப்ரல் பிற்பகலில் இந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதோடு தலைக்கு மேல் ஃபேனும் சுற்றினால் ஒரு சொட்டு பெயின்ட் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. சென்னையிலிருந்து மாறி வந்தவர்கள் அதே பெயின்ட், அதே பிரஷ், இங்கே மட்டும் ஏன் இப்படி என்று திகைப்பார்கள். அங்கே கடல் காற்று அவர்களுக்கு இலவச ரிடார்டராக இருந்தது.

அடுத்தது வெட் பாலெட், பெயின்ட்டைக் காயாமல் வைத்திருக்கும் ஈரக் கலவைத் தட்டு. மூடியுள்ள டப்பாவில் பாத்திரம் தேய்க்கும் மெல்லிய ஸ்பாஞ்சை நனைத்து, மேலே கேக் பேக்கிங்குக்கு விற்கும் காகிதத்தை விரித்தால் முடிந்தது. ஸ்டேஷனரிக் கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில இடத்தில் டிரேசிங் பேப்பரைத் தருவார்கள். அவென்யூ ரோட்டில் நானே அப்படி ஒரு கட்டு வாங்கி ஏமாந்தேன். அது சுருண்டுகொள்ளும், ஈரத்தைச் சீராக விடாது. மளிகைப் பகுதியில் இருக்கும் பேக்கிங் காகிதமே வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஈரத்தோடு ஈரமாக இரண்டு நிறத்தை இழைய வைக்க வேண்டும் என்றால் ரிடார்டர் வாங்குங்கள். அளவு மீறக் கூடாது. கோல்டன் கம்பெனி தன் ரிடார்டரை 15 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. ஏழு சொட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல்ல கிளிசரின் கிடைக்குதே, அதுவும் ரிடார்டர்தானே?

இணையத்தில் பல பேர் அப்படித்தான் சொல்வார்கள், நானும் நம்பினேன். கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி. அறை வெப்பத்தில் அது கிட்டத்தட்ட ஆவியாவதே இல்லை, போதாக்குறைக்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். நல்ல ரிடார்டர்களில் பெரும்பாலும் இருக்கும் புரொப்பலீன் கிளைக்கால் 188 டிகிரி. மெதுவாகவாவது போய்விடும்.

ஏப்ரலில் கிளிசரின் கலந்து பன்னிரண்டு வீரர்களை அடித்தேன். அழகாக இழைந்தது. ஜூலை மழையில் பெட்டியைத் திறந்தால் எல்லாரும் ஸ்பாஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையே இல்லாத ஒரு பொம்மையில், தண்ணீரில் நன்றாகக் கரைத்த மிகச் சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள். படைக்கு வேண்டாம்.

கான்ட்ராஸ்ட் பெயின்ட்டையும் தண்ணி விட்டு நீர்க்க வைக்கலாமா?

விடலாம், ஆனால் அது அப்புறம் கான்ட்ராஸ்ட் மாதிரி நடந்துகொள்ளாது. சிட்டாடெல் 2019-இல் கொண்டுவந்த அந்த வரிசையின் சாமர்த்தியமே மேட்டிலிருந்து விலகிப் பள்ளத்தில் சேரும் அதன் மீடியத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அதைக் கெடுத்து, காபி வளையத்தைக் கொண்டுவரும். நிறம் மட்டும் குறைய வேண்டுமென்றால் அதே வரிசையின் மீடியத்தைச் சேருங்கள்.

மெட்டாலிக் கலர்ல தண்ணி விட்டா மினுமினுப்பு தனியா, கலர் தனியா மிதக்குதே?

மெட்டாலிக்கில் இருப்பது தட்டையான சில்லுகள். நீர்த்தால் அவை மிதந்து திட்டுத் திட்டாகச் சேரும். இங்கே மேட் மீடியமும் வேண்டாம், பளபளப்பைக் கொன்றுவிடும். கிளாஸ் மீடியம் அல்லது கிளேஸ் மீடியம் ஒன்றிரண்டு சொட்டு. கழுவும் தண்ணீர்க் கிண்ணத்தைத் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அடிக்கும் முகமெல்லாம் ஜிகினா.

ஏர்பிரஷ்ல சானிடைசருக்கு வாங்கின ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மிச்சம் இருக்கு. அதையே விடலாமா?

எந்தப் பெயின்ட் என்பதைப் பொறுத்தது. வலேகோ போன்ற தண்ணீர் அடிப்படை பெயின்ட்டில் ஆல்கஹால் விட்டால் இரண்டாவது பதிலில் சொன்ன உருண்டைகள் ஒன்றோடொன்று திரிந்து கட்டியாகும். பாலில் எலுமிச்சை பிழிந்தது போலத்தான். கப்பிலேயே திரிந்தால் தப்பித்தீர்கள். ஊசிமுனைக்குள் திரிந்தால் அன்றைய ஞாயிறு போச்சு.

டாமியா அக்ரிலிக் வேறு ரகம், ஆல்கஹால் சேர்ந்தே வருகிறது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆகும், அவர்களுடைய எக்ஸ்-20ஏ இன்னும் நல்லது. அந்த ‘ஏ’ முக்கியம். வெறும் எக்ஸ்-20 எனாமலுக்கு. தண்ணீர் அடிப்படை பெயின்ட்டுக்கு அந்தந்தப் பெயின்ட் கம்பெனியின் ஏர்பிரஷ் தின்னர், கூடவே ஃப்ளோ இம்ப்ரூவர் ஒரு சொட்டு. அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. முனையில் காய்ந்துபோனால் ரிடார்டர் ஒரு சொட்டு. மறக்காமல் மாஸ்க் போடுங்கள், தண்ணீர் பெயின்ட் என்றாலும் நுரையீரலுக்குள் அது நிறமித் தூள்தான்.

ஒரு கம்பெனி பெயின்ட்ல இன்னொரு கம்பெனி மீடியம் கலக்கலாமா?

தண்ணீர் அடிப்படை அக்ரிலிக் என்றால் பொதுவாகச் சேரும். எங்கள் மேசையில் மூன்று நாட்டுப் பாட்டில்கள் தினம் கலக்கின்றன. பாட்டிலுக்குள்ளேயே ஊற்றாமல் பாலெட்டில் இரண்டு சொட்டு கலந்து பத்து நிமிஷம் விடுங்கள். இழை இழையாகவோ தயிராகவோ மாறவில்லை என்றால் சரி. டாமியாவை மட்டும் முந்தைய பதிலின் காரணத்துக்காகத் தள்ளியே வையுங்கள்.

ஃபெவிக்ரில், கேமல் வெச்சு அடிக்க முடியாதா? எல்லாம் இம்போர்ட்டட்தானா?

அடிக்கலாம், கற்றுக்கொள்ள நல்லது. துணிக்கும் கேன்வாஸுக்கும் நினைத்துச் செய்ததால் கெட்டி அதிகம், நிறமி சற்றுப் பருமன், சில நிறங்கள் மூன்று கோட் கேட்கும். இங்கேதான் மீடியம் நிஜமாகவே வித்தியாசம் காட்டுகிறது. தண்ணீர் பாதி, மேட் மீடியம் பாதி என்று கலந்து அந்தக் கலவையால் பெயின்ட்டை நீர்க்க வையுங்கள். கறுப்பும் பழுப்பும் நன்றாகவே வரும். வெள்ளையிலும் மஞ்சளிலும் பொறுமை சோதிக்கும், அந்த இரண்டை மட்டும் மினியேச்சர் கம்பெனியில் வாங்கினால் போதும்.

கொலு பொம்மைக்கும் இதே கணக்குதானாப்பா?

மாமி கேட்டது. இல்லை மாமி, நேர் எதிர். பிரைமர் போட்ட பிளாஸ்டிக் தண்ணீரைக் குடிக்காது. மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் வண்ணம் உதிர்ந்த இடத்தில் மளமளவென்று குடிக்கும். நீர்க்கக் கலந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, பிரஷ் நகர்வதற்குள் நிறம் ஒட்டிப்போகும். முதலில் உதிர்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலந்த மீடியம் ஒரு கோட் கொடுத்துக் காயவிடுங்கள், அப்புறம் வழக்கம்போல. பழைய பொம்மைகளில் வண்ணம் ஈரத்தில் கரையுமா என்று அடிப்பக்கத்தில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம்.

சன்னபட்டணா மரப் பொம்மையில் கை வைக்காதீர்கள். அது அரக்குப் பூச்சு. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், அக்ரிலிக்கும் அந்த வழவழப்பில் பிடிக்காது.

ரெண்டாவது கோட் போட்டா முதல் கோட் கிளம்பி வருது. காஞ்சுதான் இருந்துச்சு!

தொட்டால் காய்ந்தது வேறு, படலம் ஒன்றானது வேறு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே உருண்டைகள் இன்னும் இணைந்துகொண்டிருக்கும். ரிடார்டரோ ஃப்ளோவோ அதிகம் விட்டிருந்தால் இது நீளும். கலவையைக் குறையுங்கள், காத்திருங்கள். நான் ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து ஒரு நிமிஷம் காட்டுவேன். ஒரே இடத்தில் பிரஷைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். மழைக்காலத்தில் வார்னிஷுக்கு முன் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவது நல்லது.

மேட் மீடியம் போட்ட கறுப்பு சாம்பல் ஆயிடுச்சு. போலி பாட்டிலா?

போலி இல்லை, குலுக்காத பாட்டில். பளபளப்பைக் கொல்ல அதில் சிலிக்கா போன்ற நுண்தூள் சேர்த்திருப்பார்கள். அது அடியில் தங்கும். மேலே தெளிந்ததை ஊற்றிவிட்டு, கடைசியில் தூள் கனத்த அடிமண்டியை ஊற்றினால் கறுப்பு மேல் வெள்ளைப் படலம்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் குலுக்குங்கள். ஆறேழு கிளேஸ் அடுக்கும்போது எல்லாவற்றிலும் மேட் மீடியமே போடாமல் பாதியைக் கிளேஸ் மீடியத்தால் செய்யுங்கள். சாம்பலான இடத்தில் ஒரு கோட் கிளாஸ் வார்னிஷ் போட்டால் பெரும்பாலும் கறுப்பு திரும்பி வரும்.

பிரஷ் நுனியை வாயில வெச்சுக் கூர் ஆக்குறாங்களே, எச்சிலும் ஒரு அடிடிவ்தானா?

பல பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. எச்சில் கொஞ்சம் கொழகொழப்பாக இருப்பதால் வேலை செய்யவும் செய்கிறது. செய்யாதீர்கள். ஓவியர் தர வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் நிறமிகள் இருக்கலாம், பூஞ்சை தடுக்கும் மருந்து எல்லாவற்றிலும் இருக்கும். ஈர டிஷ்யூவில் சுழற்றி இழுத்தாலே கூர் வரும். மாமி இதைக் கேட்ட அன்று எங்கள் எல்லா பிரஷ்களையும் கழுவி வைத்துவிட்டுத்தான் தொட்டார்.

ஒவ்வொரு தடவையும் சொட்டு எண்ண முடியல. மொத்தமா ஒரு கலவை செஞ்சு வெச்சுக்கலாமா?

நாங்கள் வைத்திருப்பது: டிஸ்டில்டு வாட்டர் ஐந்து பங்கு, மேட் மீடியம் நாலு பங்கு, நேரடியாக விடும் பதத்து ஃப்ளோ இம்ப்ரூவர் அரைப் பங்கு. மார்ச்சிலிருந்து மே வரை ரிடார்டர் அரைப் பங்கு கூட. மழை வந்ததும் அது நிற்கும். அடிக்கோட், வாஷ், கிளேஸ் மூன்றுக்கும் இதே பாட்டில்தான், அளவு மட்டும் மாறும்.

ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கம்பெனி பாட்டிலில் பூஞ்சை மருந்து சரியான அளவில் இருக்கும், தண்ணீர் சேர்க்கும்போது அதுவும் நீர்த்துப்போகிறது. முட்டை அழுகிய வாடையோ மிதக்கும் நூலோ தெரிந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பார்க்க வேண்டாம். பாட்டிலில் என்ன கலவை, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் அறையில் எழுதாத பாட்டில் மூன்று நிற்கிறது. எதில் என்ன என்று தெரியாததால் யாரும் தொடுவதில்லை, யாரும் கொட்டுவதுமில்லை.